எங்கள் லயத்துக்கு வந்த உலக அரசியல்

போன வருடம், நாலைந்து நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்பு, ஓஎல் பரீட்சை வரைக்கும் படித்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் காலையில் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நானும் இன்னொரு அக்காவும் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகளோடு என்றால் நாள் முழுக்கப் பேசுவேன். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காது. தோட்டத்தில் கூட்டம் என்றால் கடைசியில் போய் நிற்பேன். கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தூக்கிய பிறகுதான் நானும் தூக்குவேன். என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், இலையை உலர்த்தும் டிரையரில் வேலை. அவர் எனக்கு நேர்மாறு. பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் இறங்குவதற்குள் அவருடைய குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிடுவார்.

கொழும்பில் வேலை செய்கிற எங்கள் மகள் ஒருமுறை வந்தபோது தன் பழைய போனை எனக்குக் கொடுத்தாள். அதில் போட்ட சிம் அவளுடைய அப்பா பெயரில் எடுத்தது. எங்கள் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான், வீட்டில் யார் பாவித்தாலும் சிம் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பிலும் மகள் அந்தப் பெயரையே போட்டாள். என் முகத்தைப் படமாக வைக்க நான் சம்மதிக்காததால், வாசலில் நின்று, பனிமூட்டம் தவழும் நமுனுகுல மலையைப் படம் எடுத்து வைத்தாள். பிறகு, “அம்மா, நீங்க வடை சுத்திக் குடுக்கிற பேப்பரைக்கூட விடாம வாசிக்கிற ஆளு. இதுல இருங்க” என்று ஒரு குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள்.

ஊவாப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் உலக நடப்பைப் பேசுகிற குழு அது. பதுளை, பண்டாரவளை, லுணுகலை என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். இங்கிருந்து கட்டாருக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனவர்களும் இருந்தார்கள். எந்த நாட்டில் சண்டை, எண்ணெய் விலை ஏன் ஏறுகிறது, எந்தக் கொள்கை நல்லது என்று நாள் முழுக்கப் பேச்சு. மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசிப்பேன். வாசிப்பேன், அவ்வளவுதான். பல மாதம் ஒரு எழுத்துக்கூடப் போடவில்லை.

ஒரு நாள் யாரோ ஒரு யுத்த வீடியோவைப் போட்டார். ஆகாயத்திலிருந்து நெருப்பாகக் கொட்டுகிறது. குழு முழுக்க ஒரே ஆத்திரம். ஒருவர் ஒரு நாட்டைத் திட்ட, இன்னொருவர் மற்ற நாட்டைத் திட்டினார். எனக்கு என்னவோ கை தானாகப் போனது. “இதை யார் எடுத்தது? எந்த ஊரில்?” என்று எழுதினேன். எழுதியவுடன் பயம் வந்துவிட்டது. போனைத் துணிக் கூடைக்குள் போட்டு மூடிவிட்டு, சாயந்தரம் வரை அந்தப் பக்கமே போகவில்லை.

சாயந்தரம் பார்த்தால், அது பையன்கள் விளையாடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டில் இருந்து எடுத்த வீடியோ என்று கட்டாரில் இருக்கிற ஒருவர் கண்டுபிடித்துப் போட்டிருந்தார். எல்லோரும் என்னைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். எனக்கு யுத்தத்தைப் பற்றியும் தெரியாது, கம்ப்யூட்டரைப் பற்றியும் தெரியாது. பிள்ளைக்காம்பராவில் தினமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். ஒரு பிள்ளை ஓடி வந்து “அவன் இவளைக் கடிச்சிட்டான்” என்று சொன்னால், “நீ பாத்தியா, யாரும் சொன்னாங்களா?” என்று கேட்பேன். பாதிச் சண்டை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கடித்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அன்றிலிருந்து யார் எதைப் போட்டாலும், “இதற்கு ஆதாரம் என்ன?” என்று ஒரே வரியில் கேட்க ஆரம்பித்தேன். யாரையும் குறை சொல்லமாட்டேன். கேள்வி மட்டும்தான். குழுவில் எனக்கு ‘ஆதாரம் மாஸ்டர்’ என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வாட்ஸ்அப்பில் இருந்த ஆண் பெயரையும், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவதையும் பார்த்து, பென்சன் எடுத்த ஆசிரியர் ஒருவர் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். போகப் போக, அந்தப் பெயரில் கிடைத்த மரியாதையும் பிடித்துப்போய்விட்டது. என் பேச்சை ஆட்கள் காத்திருந்து கேட்ட ஒரே இடம் அது.

அந்தக் குழுவுக்கு உயிர் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பதுளை டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரை அண்ணன் என்ற முறையில் ‘நானா’ என்போம். அவருக்கு ஜப்பான் என்றால் உயிர். முதலாளியின் கண் பார்வையில்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்பது அவர் கட்சி. மற்றவர் ஹல்துமுல்லையில் இருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அவர் பெயர் ‘தோழர்’. அவருக்குச் சீனா. எல்லாம் அரசாங்கத்தின் கையில் இருந்தால்தான் ஏழைக்கு விடிவு என்பார். “சீனாவைப் புகழுற தோழர் ஓட்டுறது ஜப்பான் லொறி” என்று நானா எழுதுவார். “நானா கடையில சீனச் சாமானை எடுத்துட்டா மிஞ்சுறது நானாவும் கல்லாவும் மட்டும்தான்” என்று தோழர் திருப்பி எழுதுவார். வாசித்துவிட்டு, தூங்குகிற பிள்ளைகள் எழுந்துவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

இப்படி இருந்த இடத்தில்தான் அந்தப் பாலம் வந்தது.

இரண்டு மலைக்கு நடுவே மேகத்துக்கு மேலே போகிற ஒரு பாலம். சீனத் தொழிலாளர்கள் ஒரே மாதத்தில் கட்டியது என்று எழுதி, தோழர் வீடியோவைப் போட்டார். அது கம்ப்யூட்டரில் வரைந்த படம், அப்படி ஒரு பாலமே உலகத்தில் இல்லை என்றார் நானா. இருவரும் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். வழக்கமான கேலி போய்ச் சூடு ஏறியது. “தோட்டத்துல கிடக்கிறவனுக்கு உலகம் என்ன தெரியும்” என்று ஒருவர் எழுதினார். “தராசுல நிறுத்து விக்கிறவனுக்கு நியாயம் என்ன தெரியும்” என்று இன்னொருவர் எழுதினார். அதைத் தோழரும் எழுதவில்லை, நானாவும் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பலர் குழுவை விட்டுப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் தோழர், “மாஸ்டர் சொல்லட்டும். அவர் என்ன சொன்னாலும் ஏத்துக்கிறேன்” என்று எழுதினார். “எனக்கும் சம்மதம்” என்றார் நானா. தோற்றவர் மற்றவருக்குப் பிடித்த நாட்டின் கொடியைத் தன் முகப்புப் படமாக ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று பந்தயம்.

நான் மாட்டிக்கொண்டேன். இருவரும் அனுப்பிய எல்லாவற்றையும் திறந்து திறந்து பார்த்தேன். எதைத் திறந்தாலும் அதே வீடியோதான். எடுத்தவர் யார், எந்த இடம், எப்போது என்று ஒன்றிலும் இல்லை. உண்மை என்று சொல்லவும் வழி இல்லை, பொய் என்று சொல்லவும் வழி இல்லை. “எனக்குத் தெரியாது” என்று எழுதுவேன், அழித்துவிடுவேன். ஒரு மாஸ்டர் தெரியாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? இவ்வளவு நாள் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்தோமே என்று சொல்லிவிட்டு மிச்சம் இருப்பவர்களும் போய்விட்டால்? இப்படியே நாட்கள் போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு வந்து சோறு வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனால்தான் வரும். அதனால் குழுவில் என்ன எழுதியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு இறங்கினார். மீசை வைத்த இன்னொருவர் லீக்சும் கரட்டும் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“மாஸ்டர் வீடு இதுதானே?” என்றார் தொப்பிக்காரர். என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னார். படத்தில் இருந்த மலையையும் அந்தப் பெயரையும் வைத்து விசாரித்து வந்தார்களாம்.

“பேரு என் பேருதாங்க. ஆனா மாஸ்டர் இல்லீங்க, நான் டிரையர்ல வேலை செய்யிறவன்.”

“கேட்டீங்களா தோழர்? இந்தப் பணிவுதான் மாஸ்டர்” என்று சொல்லி என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார் தொப்பிக்காரர்.

உள்ளே எனக்கு அகப்பை கையிலிருந்து நழுவியது. நானாவும் தோழரும். ஒரே ஆட்டோவில். என் வீட்டில்.

என் வீட்டுக்காரர் வந்தவரை மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லாதவர். வாங்க, உட்காருங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னைப் பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் குழுவில் எழுதுவது அவருக்குத் தெரியாது. தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனும் கையுமாக நின்றால் மகளோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். நான் அடுப்படியில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மாஸ்டர், மத்தவங்க பேசிக்கிட்டதை விடுங்க. குழு உடையுற மாதிரி ஆகிருச்சு. இன்னைக்கு உங்க வாயால ஒரு முடிவு கேட்டுட்டுப் போகத்தான் ரெண்டு பேரும் பேசி வச்சு வந்தோம். அந்தப் பாலம் உண்மையா பொய்யா?” என்று கேட்டார் தோழர். தன் போனில் வீடியோவைக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை பார்த்தார். “இவ்வளவு பெரிய பாலத்தைப் போய் யாருங்க பொய்யாக் கட்டப் போறா? உண்மையாத்தான் இருக்கும்” என்றார்.

தோழர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். நானாவின் முகம் வாடியது. விருந்தாளியின் முகம் வாடினால் என் வீட்டுக்காரருக்குத் தாங்காது.

“ஆனாலும் இந்தக் காலத்துல கண்ணால பாக்கிறதையே நம்ப முடியலையே. இவரு சொல்றதுலயும் விசயம் இருக்கு” என்றார். நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். தோழரின் மீசை தொங்கியது. உடனே என் வீட்டுக்காரர், “சீனாக்காரனும் லேசுப்பட்டவன் இல்லதான்” என்று அந்தப் பக்கம் சாய்ந்தார்.

“மாஸ்டர், வாட்ஸ்அப்புல நீங்க இப்படி வழுக்க மாட்டீங்களே” என்றார் நானா. “ஒரே சொல்லு சொல்லுங்க. கொடியை மாத்திட்டுப் போறேன்.”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “அப்படின்னா, பாலம் உண்மைன்னே வச்சுக்குங்களேன்.”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். திரைச்சீலைக்கு வெளியே, தேத்தண்ணித் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. தட்டில் கோப்பைகள் கிலுகிலு என்று ஆடின.

“தங்கச்சி என்ன சொல்றீங்க?” என்றார் நானா.

தட்டை இறக்கி வைத்தேன். “நானா அனுப்பினது, தோழர் அனுப்பினது எல்லாத்தையும் பாத்துட்டேங்க. எல்லாம் ஒரே வீடியோதான். அதை யாரு எடுத்தா, எங்க எடுத்தான்னு ஒண்ணுலயும் இல்ல. அதை வச்சு உண்மைன்னும் சொல்ல முடியாது, பொய்யின்னும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது.”

நானா என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“அப்ப மாஸ்டரு...” என்று இழுத்தார் தோழர்.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“இவளா?” என்றார் என் வீட்டுக்காரர். “ஐயா, கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து என்கிட்டயே இவ ஒரு மூச்சுல இவ்வளவு பேசுனது இல்லீங்க.”

முதலில் சிரித்தது நானாதான். சிரித்துச் சிரித்து அவர் தொப்பி சரிந்தது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்றும், அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார்கள். பிள்ளைகள் கடித்த கதையைச் சொன்னேன்.

“தோழர், இவ்வளவு நாளும் இவங்க நம்மளையும் அந்தப் பிள்ளைகளையும் ஒரே மாதிரித்தான் மேய்ச்சிருக்காங்க” என்றார் நானா.

“பிள்ளைங்க மத்தியானம் தூங்கிரும் நானா. நம்மதான் தூங்குறதே இல்ல” என்றார் தோழர்.

அப்போது என் வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். “எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆனா ரெண்டு பேருமே தெரியும்னு அடிச்சுச் சொல்லியிருக்கீங்க. அப்படின்னா ரெண்டு பேருமே தோத்த மாதிரித்தானே?” என்றார். உலக அரசியலில் அவர் சொன்ன முதல் தீர்ப்பு அதுதான். மேல்முறையீடு இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சிக்னலுக்காக எல்லோருமாகத் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஏறினோம். என்ன விசயம் என்று தெரியாமலே பக்கத்து வீட்டுக்காரர்களும் பின்னால் வந்தார்கள். அங்கே நின்று நானா சீனக் கொடியை வைத்தார். தோழர் ஜப்பான் கொடியை வைத்தார். என்னைப் படம் எடுத்துப் போடக் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாகத் தோழர், “மாஸ்டரைச் சந்தித்தோம். மாஸ்டர் ஒரு பெண். பிள்ளைக்காம்பராவில் வேலை. தீர்ப்பு: தெரியாது” என்று எழுதிப் போட்டார்.

அந்தச் செய்தி போன பிறகு போனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் வீட்டுக்காரர்தான் வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். பாதிப் பேர் சிரித்திருந்தார்கள். மிச்சப் பேர், விட்டுப் போனவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், ஆயாவிடம் தீர்ப்புக் கேட்கும் நிலைமை வந்துவிட்டதா என்று எழுதிவிட்டு வெளியேறினார். அது கொஞ்சம் வலித்தது. “அவருக்குப் பதிலா நான் சேர்றேன்” என்றார் என் வீட்டுக்காரர். அப்படியே சேர்ந்தும்விட்டார்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று விருந்தாளிகளை நிறுத்தினோம். மரக்கறிச் சாப்பாடுதான் என்பதால் நானாவுக்கும் தயக்கம் இல்லை. தோழர் கொண்டுவந்த லீக்சையே வதக்கி, பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தேன். சாப்பிடும்போது மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். தோட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்த காலம்தான் நல்லது என்றார் தோழர். கம்பெனி வந்த பிறகுதான் ஒழுங்கு வந்தது என்றார் நானா.

“மாஸ்டர் என்ன சொல்றீங்க?” என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ரெண்டு காலத்துலயும் இந்தக் கூரை ஒழுகுச்சு” என்றேன்.

“ஆதாரம்?” என்றார் நானா.

மேலே கூரையில் இருந்த ஒழுக்குக் கறையைக் காட்டினேன். நான் பிறந்து வளர்ந்ததும் இதே லயத்து வீட்டில்தான். அந்தக் கறையும் அப்போதிருந்தே இருக்கிறது, மழைக்கு மழை பெரிதாகி வருகிறது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தோழர் வாயில் வைத்த சோற்றோடு சிரிக்க, நானா அவர் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். தன் கொள்கைக்குப் பொருந்தாத ஆதாரம் தலைக்கு மேலேயே இருக்கிறது என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள். அதற்காகக் கொள்கையை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆட்டோவில் ஏறும்போதும் வாதாடிக்கொண்டுதான் போனார்கள்.

குழு இப்போதும் இருக்கிறது. முன்பைவிடச் சத்தம் அதிகம். என்னைப் பார்த்துக் கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இப்போது தெரிந்தே கூப்பிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில், “இன்னைக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்பார். ஊர்ப் பிரச்சினை இல்லை, உலகப் பிரச்சினையைத்தான். நான் சொல்வேன். அவர் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து கேட்பார். அந்தப் பாலம் எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை. புதிய ஆட்கள் முன்னால் பேச வேண்டி வந்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. நடுங்கிக்கொண்டே பேசலாம் என்பதை மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெரிந்துவைத்திருக்கிறேன்.